கடல் அட்டையும் நமக்குப் பங்காளிதான்

குற்றாலத்தில் குரங்கு யாருடைய கையிலிருந்தாவது வாழைப்பழத்தைப் பிடுங்கிக்கொண்டு ஓடினால், பக்கத்தில் நிற்பவர் தவறாமல் சொல்வார்: “விடுங்க, நம்ம முன்னோர்தானே!” பிரியமாகச் சொல்வதுதான். ஆனால் பரிணாமம் பற்றி நம்மிடையே உலவும் குழப்பம் அத்தனையும் அந்த ஒரு பேச்சுக்குள் இருக்கிறது. பழத்தைப் பிடுங்கிய குரங்கு நம் முன்னோர் அல்ல. நம்மைப் போலவே அதுவும் இன்றைக்கு உயிரோடு இருக்கிற ஒரு ஜீவன். நமக்குப் பின்னால் எவ்வளவு நீண்ட வம்சம் இருக்கிறதோ, அதே அளவு நீண்ட வம்சம் அதற்குப் பின்னாலும் இருக்கிறது.

இதே குழப்பம் இன்னொரு வேடத்திலும் வரும். புழு, மீன், தவளை, பல்லி, குரங்கு, கடைசியில் மனிதன் என்று உயிர்கள் படியேறி வந்ததாக நினைப்பது. கூன் விழுந்த குரங்கு கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்ந்து மனிதனாகும் படத்தைப் பார்க்காதவர் யார்? அந்தப் படம் மனதில் பதிந்துவிட்டால் கடற்கரையில் ஒதுங்கிக் கிடக்கும் எந்த உயிரையும் சரியாகப் பார்க்க முடியாது. நட்சத்திர மீனைப் பார்த்தால் “பாவம், வளராமல் நின்றுவிட்டது” என்று தோன்றும்.

நான் விலங்கியல் படித்தவன். தூத்துக்குடியிலிருந்து உவரி வரைக்கும் கரையில் ஒதுங்குவதையும், கல்லிலும் கயிற்றிலும் ஒட்டியிருப்பதையும் பார்த்துக்கொண்டே நடப்பது எனக்குப் பெரிய சந்தோஷம். அதில் பாதி, இவற்றில் யாருக்கு யார் உறவு என்று தெரிவதால் வருவது. அந்த உறவுமுறையைப் புரிந்துகொள்ளப் பெரிய படிப்பு வேண்டாம். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர்களுக்கு அது ஏற்கெனவே தெரிந்த கணக்கு.

## பங்குனி உத்திரத்துக் கணக்கு

பங்குனி உத்திரத்தன்று நம் பக்கத்தில் சனம் மொத்தமும் அவரவர் குலதெய்வமான குடும்பத்துச் சாஸ்தாவைத் தேடிக் கிளம்பிவிடும். தேரிக்குடியிருப்பு கற்குவேல் அய்யனார் கோயிலை எடுத்துக்கொள்ளுங்கள். செந்தேரி மணலில் சென்னை வண்டி, மும்பை வண்டி, உள்ளூர் வேன் எல்லாம் வரிசையாக நிற்கும். ஒருவர் வங்கி அதிகாரி, ஒருவர் மளிகைக் கடை வைத்திருப்பவர், ஒருவர் இன்னும் ஊரிலேயே பனையேறுகிறவர். பேச்சு வேறு, உடுப்பு வேறு. “நீங்க எந்த வகையறா?” என்று ஆரம்பித்தால் மூன்று நான்கு தலைமுறை மேலே போய் மூவரும் ஒரே பூட்டனிடம் வந்து நிற்பார்கள். அப்புறம் என்ன, பங்காளிகள்தான்.

இங்கே யாரும் யாரிடமிருந்தும் வந்தவர் இல்லை. மளிகைக் கடைக்காரரின் முன்னோர் பனையேறுகிறவர் என்று சொன்னால் அபத்தம். இருவரும் ஒரே பூட்டனின் பேரப்பிள்ளை வழி. அதேபோல, பூட்டன் வாழ்ந்த ஊரிலேயே, அவர் செய்த தொழிலையே செய்துகொண்டு இருப்பதால் ஒருவர் பூட்டன் ஆகிவிடமாட்டார். அவரும் இன்றைய ஆள். கைப்பேசியில் பேசுகிறார், ஓட்டுப் போடுகிறார். உறவு எவ்வளவு நெருக்கம் என்று பார்க்கவும் ஒரே வழிதான்: எத்தனை தலைமுறை மேலே போனால் பொதுவான ஆள் கிடைக்கிறார் என்று எண்ணுவது.

உயிரியலில் அந்தப் பூட்டனுக்குப் பெயர் பொது மூதாதை. இன்றைய இரண்டு உயிரினங்கள் எந்தப் பழைய உயிரினத்திலிருந்து கிளை பிரிந்தனவோ, அதுதான் அவற்றின் பொது மூதாதை. குற்றாலத்து நாட்டுக்குரங்குக்கும் நமக்கும் பொது மூதாதை வாழ்ந்தது இரண்டரை முதல் மூன்று கோடி ஆண்டுகளுக்கு முன்னால். அது நாட்டுக்குரங்கும் இல்லை, மனிதனும் இல்லை. அதன் வம்சத்தில் ஒரு கிளை இப்படி வந்தது, ஒரு கிளை அப்படிப் போனது. ஆகவே குரங்கு ஏன் இன்னும் மனிதன் ஆகவில்லை என்று கேட்பது, ஊரிலிருக்கும் பங்காளி ஏன் இன்னும் மும்பைக்காரராக ஆகவில்லை என்று கேட்பதற்குச் சமம். அவர் அங்கே போய்க்கொண்டிருக்கவே இல்லை.

## கிளை எப்படிப் பிரிகிறது

ஒவ்வொரு உயிரின் செல்லுக்குள்ளும் டிஎன்ஏ இருக்கிறது. உடலைக் கட்டுவதற்கான குறிப்புகள் எழுதப்பட்ட நீண்ட மூலக்கூறு அது. பெற்றோரிடமிருந்து பிள்ளைக்குப் போகும்போது அது படியெடுக்கப்படுகிறது. படியெடுக்கையில் சின்னச் சின்ன மாற்றங்கள் விழும். பெரும்பாலானவை ஒன்றும் செய்யாது. சில கெடுதல் செய்யும், அந்த வம்சம் குறையும். அபூர்வமாக ஒன்றிரண்டு அந்த இடத்தில், அந்தத் தண்ணீரில், அந்த இரையோடு பிழைக்க உதவும். அதை உடையவை அதிகக் குஞ்சு விடும், மாற்றம் பரவும். இப்படிச் சூழலே வடிகட்டுவதைத்தான் இயற்கைத் தேர்வு என்கிறோம்.

ஒரே இனத்தின் இரண்டு கூட்டங்கள் தனித்தனியாகப் பிரிந்து, ஒன்றோடொன்று கலக்காமல் வெகுகாலம் இருந்தால் இரண்டிலும் வெவ்வேறு மாற்றங்கள் சேரும். ஒருநாள் சேர்ந்தாலும் குஞ்சு பிறக்காது என்ற நிலை வந்துவிட்டால் அவை இரண்டு இனங்கள். பிரிந்து எவ்வளவு காலம் ஆனதோ, டிஎன்ஏவில் அவ்வளவு வித்தியாசம் சேர்ந்திருக்கும். அதனால்தான் இன்று ஆய்வகத்தில் இரண்டு உயிர்களின் டிஎன்ஏவை வைத்துப் பார்த்து, யார் கிட்டத்துப் பங்காளி, யார் தூரத்துப் பங்காளி என்று சொல்ல முடிகிறது.

இதுவரை பார்த்தது இவ்வளவுதான்: இன்றிருக்கும் எந்த உயிரும் இன்றிருக்கும் இன்னொன்றின் முன்னோர் அல்ல. உறவை அளப்பது பொது மூதாதை எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதை வைத்து. இனி கடலுக்குப் போவோம்.

## முகச்சாயலை நம்பக்கூடாது

தூத்துக்குடி மீன் கடையில் ஊசிக் கணவாய் வாங்கிச் சுத்தம் பண்ணியவர்களுக்குத் தெரியும். கண்ணைக் கீறினால் உள்ளிருந்து கெட்டியான, உருண்டையான, தெளிந்த ஒரு சின்ன மணி விழும். அது கணவாயின் கண்வில்லை. முன்னால் வில்லை, பின்னால் ஒளியை உணரும் விழித்திரை, ஒளியைக் கூட்டிக் குறைக்கும் பாவை என்று நம் கண்ணில் இருப்பதெல்லாம் அதிலும் இருக்கிறது. அதன் பங்காளியான பேய்க்கணவாய் (ஆக்டோபஸ்) ஒரு பொந்திலிருந்து நம்மைப் பார்க்கும் பார்வையைப் பார்த்தால், இது நமக்கு நெருங்கிய சொந்தமாகத்தான் இருக்கும் என்றே தோன்றும்.

கிடையாது. கணவாயின் நெருங்கிய பங்காளிகள் சங்கும் சிப்பியும்தான். கொற்கை முத்துக்குப் பேர் போன காலத்திலிருந்து நம்மவர்கள் மூச்சடக்கி மூழ்கி எடுத்த அதே முத்துச்சிப்பி, கணவாய்க்கு நம்மைவிடப் பல மடங்கு கிட்டத்து உறவு. கணவாய்க்கு மூன்று இதயம். இரத்தத்தில் நம்முடையதைப் போல இரும்பு கிடையாது. செம்பு கலந்த புரதம் இருப்பதால் அது நீலம். உணவுக்குழாய் மூளையின் நடுவே புகுந்து வயிற்றுக்குப் போகிறது! நமக்கும் அதற்கும் பொது மூதாதை வாழ்ந்து 55 கோடி ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. அந்த மூதாதைக்கு இப்படி ஒரு கண் இருந்திருக்கவில்லை. ஒளியை உணரும் எளிய செல்கள் இருந்திருக்கலாம், அவ்வளவே.

அப்படியானால் கண்? இரண்டு வம்சமும் தனித்தனியாக உண்டாக்கிக்கொண்டது. வேறு வேறு வம்சங்கள் ஒரே தேவைக்காக ஒரே மாதிரி உறுப்பையோ உருவத்தையோ தனித்தனியாக அடைவதைக் குவிபரிணாமம் என்பார்கள். மும்பையில் ஒரே அலுவலகத்தில் ஒரே மாதிரி சட்டை போட்டு, ஒரே மாதிரி இந்தி பேசுகிற இருவர் ஒரே சாஸ்தாவைக் கும்பிடுகிறவர்களாக இருக்க வேண்டும் என்று கட்டாயமா என்ன?

தனித்தனியாக வந்தது என்பதற்கு அடையாளமும் கண்ணுக்குள்ளேயே கிடக்கிறது. நம் விழித்திரையில் நரம்பு முன்பக்கமாக ஓடி, ஒரு துளை வழியே வெளியேறுகிறது. அந்த இடத்தில் நமக்குப் பார்வை கிடையாது, குருட்டுப் புள்ளி. கணவாய்க்கு நரம்பு பின்பக்கமாகவே போய்விடுவதால் குருட்டுப் புள்ளியே இல்லை. இந்த ஒரு விஷயத்தில் கணவாயின் கண் நம்முடையதைவிட நேர்த்தி. படியேறும் கதையை நம்புகிறவர்கள் இதை எங்கே கொண்டுபோய் வைப்பார்கள் என்று தெரியவில்லை.

ஓங்கலும் (டால்பின்) சுறாவும் இதே விதம்தான். வெளித்தோற்றம் ஒன்று, வம்சம் வேறு. 2016 ஜனவரியில் மணப்பாடு பக்கம் ஓங்கலின் பங்காளிகளான 80-க்கும் மேற்பட்ட திமிங்கிலங்கள் கரையேறியபோது, இரவோடு இரவாக மீனவர்கள் அவற்றைக் கடலுக்குத் தள்ளிவிடப் பாடுபட்டார்கள். அவை நுரையீரலால் மூச்சு விட்டு, குட்டி போட்டுப் பால் கொடுக்கும் உயிர்கள். இன்றிருப்பவற்றில் திமிங்கிலத்துக்கு மிக நெருங்கிய பங்காளி நீர்யானை.

## குழந்தைப் பருவத்தில் தெரியும் குடும்ப முகம்

பெரிதான பிறகு முகம் மாறிவிட்டாலும், சின்ன வயதில் குடும்பச் சாயல் அப்படியே இருக்கும் உயிர்கள் கடலில் நிறைய. முட்டையிலிருந்து வந்து, முதிர்ந்த உருவம் எடுப்பதற்கு முன் வேறொரு உருவத்தில் திரியும் பருவத்துக்கு இளவுயிரி என்று பெயர். பட்டாம்பூச்சிக்குக் கம்பளிப்புழு இளவுயிரி.

படகின் அடியிலும் பாறையிலும் ஒட்டிக்கொண்டு, மிதித்தால் காலைக் கிழிக்கும் கொட்டலசைப் பாருங்கள். சுண்ணாம்பு ஓடு, நகர்வதே இல்லை. சிப்பி வகை என்றுதான் அறிஞர்களும் வெகுகாலம் வைத்திருந்தார்கள். 1830-இல் ஜான் வாகன் தாம்சன் அதன் இளவுயிரி கால்களோடு நீந்தித் திரிவதையும், பிறகு ஓரிடத்தில் ஒட்டிக் கொட்டலசாக மாறுவதையும் கண்டு சொன்னார். அது இறாலுக்கும் நண்டுக்கும் பங்காளி! சார்லஸ் டார்வின் 1846 முதல் 1854 வரை இந்தக் கொட்டலசுகளையே கட்டிக்கொண்டு கிடந்தார். தலையைப் பாறையில் ஒட்டிவிட்டு, மல்லாந்த நிலையில் காலை வெளியே நீட்டி இரையை வாய்க்கு வாரிப் போடும் இறால் என்று அதைச் சொல்லலாம். கொட்டலசு ஒட்டிய சின்னக் கல்லொன்றைக் கடல்தண்ணீரோடு ஒரு கண்ணாடி டம்ளரில் போட்டுக் கொஞ்ச நேரம் ஆடாமல் வைத்தால், மேல் மூடி திறந்து இறகு மாதிரி கால்கள் விசுக் விசுக்கென்று வெளியே வந்து வந்து போவதை நீங்களே பார்க்கலாம்.

சரி, இதைவிடப் பெரிய ஆச்சரியம் துறைமுகத்துக் கயிறுகளில் இருக்கிறது. தண்ணீருக்குள் வெகுநாள் கிடந்த கயிற்றை மேலே இழுத்தால், தோல் பை மாதிரி ஒன்று கொத்தாக ஒட்டியிருக்கும். உச்சியில் இரண்டு துளை. விரலால் அமுக்கினால் சர்ரென்று நீரைப் பீய்ச்சும். கண் இல்லை, தலை இல்லை, எலும்பு இல்லை. ஒரு துளையால் தண்ணீரை உள்ளிழுத்து, வடிகட்டித் தின்று, மறு துளையால் விடுவதுதான் வேலை. அசிடியன் என்பது இதன் கூட்டத்துக்குப் பெயர். நம் கல்லூரிகளில் விலங்கியல் படித்தவர்கள் ஹெர்ட்மேனியா என்ற பெயரை மறந்திருக்கமாட்டார்கள். அது ஓர் அசிடியன். 1902-இல் மன்னார் வளைகுடாவின் இலங்கைப் பக்கத்து முத்துச்சிப்பிப் படுகைகளை ஆராய வந்த ஹெர்ட்மேன் என்பவரின் பெயரால் வழங்குவது.

இந்தப் பையின் இளவுயிரி தவளையின் தலைப்பிரட்டை வடிவில் இருக்கும். வால் உண்டு. முதுகுப் பக்கம் நரம்பு வடம் உண்டு. அதற்குக் கீழே, உடலை விறைப்பாக நிறுத்தும் தண்டு ஒன்று உண்டு. அதன் பெயர் முதுகுநாண். 1866-இல் ருஷ்ய விலங்கியலாளர் அலெக்சாண்டர் கோவலெவ்ஸ்கி இதை எழுதியபோதுதான் உலகம் விழித்துக்கொண்டது. ஏனென்றால் முதுகுநாண் என்பது மீன், தவளை, பாம்பு, பறவை, மாடு, மனிதன் என்று முதுகெலும்பு உள்ள எல்லோருக்கும் கருவில் தோன்றுவது. நமக்கும் தாய் வயிற்றில் அது இருந்தது. பிறகு முதுகெலும்பு அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. எச்சம் மட்டும் இன்னும் இருக்கிறது: முதுகெலும்புக் கண்ணிகளுக்கு நடுவே உள்ள தட்டுகளின் உள்கூழ் முதுகுநாணிலிருந்து வந்தது. “டிஸ்க் பிதுங்கிடுச்சு” என்று டாக்டர் சொல்லும்போது அவர் பேசுவது அதைப் பற்றித்தான்.

அசிடியனின் இளவுயிரி கொஞ்ச நேரம் நீந்திவிட்டு, தலைப்பக்கத்தால் கல்லிலோ கயிற்றிலோ ஒட்டிக்கொள்கிறது. வாலை உடலுக்குள் கரைத்துக்கொள்கிறது. முதுகுநாணும் போய்விடுகிறது. நரம்பு வடத்தில் ஒரு சின்ன முடிச்சு மட்டும் மிஞ்சுகிறது. உடலைச் சுற்றி ஓர் உறை வளர்கிறது. அந்த உறையில் செல்லுலோஸ் இருக்கிறது, மரத்தில் இருக்கும் அதே பொருள். விலங்குகளில் இப்படி வேறெங்கும் பார்க்க முடியாது. இதயமோ கொஞ்ச நேரம் ஒரு பக்கமாக இரத்தத்தைத் தள்ளும், அப்புறம் நின்று எதிர்ப்பக்கமாகத் தள்ளும். 2006-இல் வந்த டிஎன்ஏ ஒப்பீடு, முதுகெலும்பில்லாதவற்றில் நமக்கு மிக நெருங்கிய உறவு இந்தக் கூட்டம்தான் என்று காட்டியது.

இதிலிருந்து தெரிவது, பரிணாமத்துக்கு மேல்நோக்கிய திசை ஒன்றும் கிடையாது. நீந்தும் வம்சத்தில் வந்த ஒன்று, உட்கார்ந்து வடிகட்டினால் நன்றாகப் பிழைக்கலாம் என்ற நிலையில் தேவையில்லாததை விட்டுவிட்டது. துறைமுகம் துறைமுகமாகக் கப்பலில் ஒட்டிக்கொண்டே உலகம் சுற்றும் அசிடியன்களைத் தோற்றுப்போன உயிர் என்று யார் சொல்ல முடியும்?

## கடல் அட்டை

இனித் தலைப்புக்கு வரலாம். மாஞ்சோலையில் காலில் ஏறும் அட்டைக்கும் கடல் அட்டைக்கும் நெருக்கம் ஒன்றும் இல்லை. மாஞ்சோலை அட்டை மண்புழுவின் பங்காளி. கடல் அட்டை, நட்சத்திர மீனின் பங்காளி. நட்சத்திர மீனுக்கு ஐந்து கை இருக்கிறதல்லவா? அதே ஐந்து, கடல் அட்டையிலும் ஒளிந்திருக்கிறது. நீண்ட உடலின் நெடுக ஐந்து பட்டைகள் ஓடுகின்றன. நட்சத்திர மீனை மேலும் கீழுமாக இழுத்து நீட்டிப் பக்கவாட்டில் படுக்கவைத்த அமைப்பு.

அது வாழும் விதம் இருக்கிறதே! வாயால் மணலை விழுங்கி, மணலில் ஒட்டியிருக்கும் சத்தைச் செரித்துக்கொண்டு, சுத்தமான மணலைப் பின்னால் விடும். மூச்சு விடுவது ஆசனவாயால். உள்ளே கிளை கிளையாகப் பிரிந்த மூச்சுக்குழல்களுக்குள் தண்ணீரை இழுத்து விடும். ஆசனவாய் அடிக்கடி திறப்பதால் அதற்குள்ளே குடியிருக்கவே ஒரு மீன் கூட்டம் உண்டு. ஒல்லியான, செதிலில்லாத மீன்கள், சில வால்பக்கமாகவே நுழையும். எதிரி தொந்தரவு செய்தால் கடல் அட்டை தன் குடலையே வெளியே தள்ளிவிடும், பிறகு புதிதாக வளர்த்துக்கொள்ளும். அதன் தோலை நரம்பின் கட்டளையால் இளக்கவும் இறுக்கவும் முடியும். தளர்ந்து ஓர் இடுக்குக்குள் வழிந்து நுழைந்துவிட்டு, உள்ளே போய் விறைத்துக்கொண்டால் யாராலும் இழுக்க முடியாது. இத்தனைக்கும் மூளை கிடையாது. வாயைச் சுற்றி ஒரு நரம்பு வளையம் மட்டும்.

மூளையுள்ள கணவாயையும் மூளையில்லாத கடல் அட்டையையும் எதிரே வைத்து, யார் உன் கிட்டத்துப் பங்காளி என்று கேட்டால் எல்லோரும் கணவாயைத்தான் காட்டுவார்கள். சரியான விடை கடல் அட்டை.

சான்று, கரு வளரும் முறையில் இருக்கிறது. கருவுற்ற முட்டை பிரிந்து பிரிந்து செல்களின் உருண்டையாகிறது. அப்புறம் அந்த உருண்டையில் ஓரிடம் உள்நோக்கிக் குழிகிறது. அந்தக் குழிதான் வயிற்றின் தொடக்கம். கணவாய், மண்புழு, இறால் இருக்கும் பெரிய கிளையில் பெரும்பாலும் அந்த முதல் வாசல் வாய்ப்பக்கமாக அமைகிறது. கடல் அட்டை, நட்சத்திர மீன், அசிடியன், நாம் இருக்கும் கிளையில் முதல் வாசல் ஆசனவாய்ப் பக்கம். வாய் பிற்பாடு மறுமுனையில் திறக்கிறது. டிஎன்ஏவும் இதே கூட்டணியைத்தான் காட்டுகிறது. போதாததற்கு, கடல் அட்டையின் இளவுயிரிக்கு நம்மைப் போலவே இடப்பக்கம் வலப்பக்கம் என்று இரண்டே பக்கம். அந்த ஐந்து பட்டைகள் எல்லாம் பெரிதான பிறகு வந்து சேர்வது.

ஆக, வெளித்தோற்றம், புத்திசாலித்தனம், கண் இவற்றை வைத்து உறவு பார்த்தால் தவறிவிடுவோம். கருவும் இளவுயிரியும் டிஎன்ஏவும் சொல்வதைக் கேட்க வேண்டும்.

இந்தப் பங்காளியை நாம் நன்றாக நடத்தவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். அவித்துக் காயவைத்துச் சீனச் சந்தைக்கு அனுப்புவதற்காக இந்தக் கரையில் அளவில்லாமல் பிடித்தார்கள். 2001-இல் இந்திய அரசு கடல் அட்டை பிடிப்பதையே தடை செய்தது. இதை நம்பிப் பிழைத்த மீனவக் குடும்பங்களுக்கு அது பெரிய அடி. அவர்கள் கோரிக்கை இன்றும் ஓயவில்லை. ஒரு நல்ல செய்தியும் உண்டு. 1988-இலேயே தூத்துக்குடியிலுள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் மையத்தில் வெள்ளைக் கடல் அட்டையைப் பொரிப்பகத்தில் முட்டையிட வைத்துக் குஞ்சு வளர்த்துக் காட்டினார்கள். உலகத்திலேயே அந்த இனத்துக்கு அதுதான் முதல் தடவை.

## ஆவுளியாவும் யானையும்

கடைசியாக ஓர் உறவு. மன்னார் வளைகுடாவிலும் பாக் விரிகுடாவிலும் கடற்புல் மேயும் கடல் பசுவை மீனவர்கள் ஆவுளியா என்பார்கள். பசுவும் இல்லை, திமிங்கிலத்தோடும் நெருக்கம் இல்லை. இன்றிருப்பவற்றில் அதன் மிக நெருங்கிய பங்காளிகளில் ஒன்று, களக்காடு மலையில் ஈத்தையை முறித்துத் தின்றுகொண்டிருக்கும் யானை. பெண் ஆவுளியாவுக்குப் பால்மடி முன்துடுப்பின் அக்குளில் இருக்கிறது. பெண் யானைக்கு முன்னங்கால்களுக்கு நடுவே. பசுவுக்கு எங்கே இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியும். ஆண் ஆவுளியாவுக்கு மேல்வாயில் குட்டையாக இரண்டு தந்தம் முளைக்கும். யானைத் தந்தத்தைப் போல அதுவும் வெட்டுப்பல்தான். இந்த இரண்டு கிளைகளும் பிரிந்து ஏறத்தாழ 6 கோடி ஆண்டுகள் ஆகின்றன. 2022-இல் பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டரை ஆவுளியாக்களுக்கான காப்பகமாகத் தமிழ்நாடு அரசு அறிவித்தது. இந்தியாவில் அதுவே முதல்.

இவற்றைப் பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு ஒன்று. தூத்துக்குடிக்கு எதிரே உள்ள தீவுகள் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்காவைச் சேர்ந்தவை. அனுமதி இல்லாமல் இறங்கக்கூடாது. அதற்கு அவசியமும் இல்லை. மணப்பாடு, உவரி, இடிந்தகரை போல பாறை தெரிகிற கரைகளில் வற்றம் (கடல் வடிந்திருக்கும் நேரம்) பார்த்துப் போனால், குட்டைகளில் தேங்கிய தண்ணீரிலேயே கொட்டலசு கிடைக்கும். அதிர்ஷ்டம் இருந்தால் நட்சத்திர மீனும். மீன்பிடித் துறைமுகத்தில் பழைய கயிறு இழுக்கும் நேரமாகப் பார்த்து நின்றால் அசிடியன். கடல் அட்டையைக் கண்டால் தூக்காமல், கிடக்கிற இடத்திலேயே குனிந்து பாருங்கள். சட்டமும் அதைத்தான் சொல்கிறது, கையில் எடுத்தால் அதற்குக் குடலும் போகும்.